அம்மனைப் பார்க்க வந்த ஆமை

யான் என்ற ஊருக்குப் போகும் சாலையில் மகள் காரை நிறுத்தி, நடுவில் நின்றுவிட்ட ஆமையைத் தூக்கிவந்து பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தாள். அது நகங்களால் வாளியைப் பிறாண்டியது. அந்தச் சத்தத்தைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

அப்பா எஸ்டேட்டில் ரப்பர்பால் லாரி ஓட்டினார். சாலையில் ஆமையைக் கண்டால், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் இறங்கிவிடுவார். ஒருநாள் அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதன் முதுகில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். மாரியம்மன் கோயில் கிணற்றில் விட்டார்கள்.

"இனிமே எந்த லாரியும் இத ஒண்ணும் பண்ணாது லா," என்றார் அப்பா.

வழவழப்பான சிமெண்டுக் கிணறு அது. ஏறி உட்கார ஒரு கல்கூட இல்லை. ஆமை நாளெல்லாம் சுவரைப் பிறாண்டியது, வழுக்கி விழுந்தது, மறுபடியும் பிறாண்டியது.

"அம்மனப் பாக்கத்தான் மேல வருது," என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமைகளில் எஸ்டேட் லயத்து வீடுகளின் சனம் கிணற்றை எட்டிப் பார்த்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். திருவிழாவுக்கு முன்பே சத்தம் நின்றுபோனது. அந்த ஆமையைக் காப்பாற்றியதாகவே அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"டவுன் கோயில் கொளத்துல விட்டுடலாமாம்மா? அங்க சேஃப்," என்றாள் மகள்.

"வேணாம். அது எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு?"

எதிர்ப்புற வயலைக் காட்டினாள். நானே சாலையைக் கடந்து, வரப்போரம் அதை இறக்கிவிட்டேன். ஆமை புல்லுக்குள் நுழைந்தது. பழக்கத்தில் குவிந்துவிட்ட கைகளைப் பிரித்துக்கொண்டேன்.