பேர் சொன்னதும் ஓடி வந்தவன்

என் மகன் பிறந்த வாரமே ஜீப்பில் வந்து, அவனைத் துணியில் தொங்கவிட்டு எடை போட்டார்கள். மலையில் பிறக்கும் பிள்ளைகளை ஆளாகும் வரைக்கும், ஆளான பிறகும் வந்து பார்ப்பார்களாம். சின்ன வயதில் பட்டதெல்லாம் பின்னால் உடம்பில் எப்படித் தெரிகிறது என்று ஆராய்ச்சி. நல்ல எடை என்று ஜீப்பில் வந்த அம்மா சொன்னதை, வெள்ளிமலை சந்தைக்குப் போன வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

அடுத்த வருஷம் சாமை பொய்த்தது. காப்பித் தோட்ட வேலைக்கு மலையை விட்டு இறங்கினோம். அங்கேதான் அவன் வயிற்றுப்போக்கில் போனான். அடுத்துப் பிறந்தவனுக்கு அவன் பேரையே வைத்தோம். எங்கள் வீட்டு வழக்கம் அது. பேரை வைத்த பிறகு போன பிள்ளையைப் பற்றி யாரும் பேச மாட்டோம்.

ஊர் திரும்பிய பிறகு ஜீப் மறுபடியும் வந்தது. வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேருக்குரியவன் ஓடி வந்தான். அவனை நிறுத்தி அளந்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “வயசுக்கு ரொம்பக் குள்ளம்” என்றபோது மட்டும் சுருக்கென்றது.

அவன் இப்போது கள்ளக்குறிச்சியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். போன மாசம் வீட்டுக்கு வந்திருந்தபோது ஜீப் வந்தது. இந்தத் தடவை சின்னப் பெண் ஒருத்தி.

“வாங்க. இந்தக் கோழியையும் சேத்து எடை போட்டுக்கினு போங்க,” என்றான் மகன்.

“உங்களவிட அது நல்லா வளந்து கீதுண்ணா,” என்று அவளும் சிரித்தாள்.

விரலில் குத்தி ரத்தம் சோதித்ததும் சிரிப்பு நின்றது. “சர்க்கரை ஜாஸ்தியா கீதுண்ணா. டவுன் ஆஸ்பத்திரில காட்டுங்க. நோட்டுப்படி பொறந்தப்ப நல்ல எடையாத்தான் இருந்துகிறீங்க. அப்பறம்தான் கொறஞ்சி போச்சி. சின்னதுல சோறில்லாம காஞ்ச ஒடம்புக்கு இப்டி வரும்னு சொல்றாங்க.”

மகன் என் பக்கம் திரும்பினான். “இன்னாமா, எனக்குச் சோறு போடலியா நீ?”

கிண்டலாக ஆரம்பித்த குரல் பாதியில் மாறிவிட்டது.

ஒருத்தனைப் பறிகொடுத்தவள் நான். இவனை என் வயிற்றைக் கட்டித்தான் வளர்த்தேன். இவன் தட்டு ஒரு வேளையும் காய்ந்ததில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் போனவனைச் சொல்ல வேண்டும். ஜீப்பில் வருகிறவர்கள் வாயில் மட்டும்தான் அவன் இன்னும் சாகாமல் வளர்ந்துகொண்டிருந்தான். சொன்னால் அங்கேயும் போய்விடுவான்.

“நல்ல எடையில பொறந்தது நீ இல்லடா,” என்றேன். “உனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். அவன் பேருதான் உனுது.”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சாவறப்ப அந்தப் புள்ள இன்னா எடைமா?”

இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி ஒருத்தர் கேட்டது அதுதான்.

“எவன் எடை போட்டான்? நாந்தான் தோள்ல போட்டுக்கினு போனேன். வெறுந்துணியாட்டம் இருந்தான்.”

ஜீப் இறங்கிப் போன பிறகு சோறு போட்டுவிட்டு மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கேட்டது அவனுக்கு. திரும்பத்தான் நேரமாயிற்று.