வண்டிக்கு முன்னால் நின்றவர்

வண்டன்மேட்டில் என் வேனுக்கு அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டரும் வைத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியனின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மெலிந்த ஆள், காதிடுக்கில் எப்போதும் ஒரு டெஸ்டர். சமதளத்தில் நிற்கும் வண்டியாக இருந்தாலும் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்த பிறகுதான் அதில் கை வைப்பார்.

ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிச் செல்பவன் நான். குளிரில் எஞ்சின் சூடாக நேரமாகும் என்றுதான் ரிமோட் கேட்டேன். ஆனால் மலையில் எல்லோரையும் போல நானும் கியரில் போட்டே வண்டியை நிறுத்துகிறவன். அப்படி நிற்கும் வண்டியை ரிமோட்டில் கிளப்பினால் முன்னால் பாயும். பெண்கள் கூடி நிற்பதும் அங்கேதான்.

"கியர்ல கெடந்தா ஸ்டார்ட் ஆகாத மாதிரி ஒரு வயர் குடுத்திருக்கேண்ணே" என்றார். முதல் கியரைப் போட்டார். ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கல்லையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"அமுக்குங்கண்ணே."

என் கட்டைவிரல் அசையவில்லை. "தள்ளி நில்லுங்க, அமுக்குறேன்."

"நான் நிக்கும்போதே பயந்தீங்கன்னா, நாளைக்கு அந்தப் பொம்பளையாளுக நிக்கும்போது எப்படி அமுக்குவீங்க?"

சொன்னாரே தவிர, அந்தக் கல்லை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். அலாரம் ஒருமுறை கீச்சிட்டது. வண்டி அசையவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது.

தன் வயரை அவர் நம்பினாரா, இல்லையா? இன்றும் எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் வேன்வரை நடந்துபோய், பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, கியரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ரிமோட்டை அமுக்குகிறேன்.