டைனோசர் ஸ்டாப்பிங் ஜெயசீலன்

ஜெயசீலன் இறந்துபோன செய்தியை அவருடைய மனைவி புஷ்பம்தான் எனக்குச் சொன்னார். காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போனில் அவர் அழவில்லை. "டீச்சர், சார் போயிட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்து எடுத்துக்கினு வரோம். நீங்க கொஞ்சம் முன்னாடி போய் ரோட்டுல நில்லுங்க. வர்றவங்களுக்கு வூடு தெரியாது" என்றார். கணவரை இழந்த காலையில் அந்தப் பெண்ணுக்கு முதல் கவலை அதுவாக இருந்தது.

அவர் சொன்னது சரிதான். நான் படப்பையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது உறவினர்கள் புதிய பாலத்துக்கு அடியில் மாலைகளோடு திகைத்து நின்றிருந்தார்கள். பாதிப் பேரைச் செல்போன் வரைபடம் பின்னாலிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தது. மதியம்வரை நான் சர்வீஸ் ரோட்டில் வெயிலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினேன். ஒரு காலத்தில் அங்கே யாரும் யாருக்கும் வழி சொல்ல வேண்டியிருந்ததில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் குடியிருப்போர் சங்கத்தில் அவர் செயலாளர், நான் துணைச் செயலாளர். இன்று சங்கமும் இல்லை, கூட்டம் போட இடமும் இல்லை. வீடு போனவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். இரங்கல் கூட்டத்தில் பேச வேண்டியதை எழுத்தில்தான் சொல்ல முடிகிறது.

நம் நகர் உருவான கதை உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடம் சாலையோரம் இருந்த நெல் வயல்களை ஒரு ரியல் எஸ்டேட்காரர் வாங்கி மனை போட்டார். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நுழைவாயிலில் சிமெண்டில் ஒரு டைனோசர் கட்டினார். இரண்டு மாடி உயரம். நீண்ட கழுத்து, சின்னத் தலை, யானைக் கால். இலை தின்கிற சாதிக்குப் புலிப் பல் வைத்திருந்தார்கள். பூங்கா வரும், நீச்சல் குளம் வரும் என்றார். டைனோசர் மட்டும்தான் வந்தது. பிறகு அவரையும் காணவில்லை.

வால் பக்கத்து மனையை யாரும் வாங்க முன்வரவில்லை. வாசலைத் திறந்தால் வால் முகத்தில் இடிக்கும். அந்த மனையை வாங்கினவர் ஜெயசீலன். பிள்ளைப்பாக்கம் பக்கத்துக்காரர். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. "ஊர்ல அத்தினி மனை கீது, இவருக்கு மட்டும் வால்தான் கெடச்சிது" என்று புஷ்பம் பல வருடம் எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்தபோது ஏணி வைத்து ஏறிப் பூசியவரும் ஜெயசீலன்தான். பஸ் ஷெட்டில் மிச்சமான பெயிண்டை அடிப்பார். அதனால் டைனோசர் சில வருடம் பச்சையாகவும், சில வருடம் மஞ்சளாகவும் இருந்தது. ஒரு வருடம் கழுத்துவரை நீலம், அதற்கு மேல் வெள்ளை. எதற்கு இந்த வீண் வேலை என்று நான் கேட்டேன். "அதுவும் நம்மள மாதிரிதான் டீச்சர். எவனோ கூட்டியாந்து வுட்டுட்டுப் பூட்டான்" என்றார்.

தொழிற்சாலைகள் பெருகின. வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் வேலை தேடி திருநெல்வேலியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனால் எல்லோருக்கும் புரிந்த ஒரு சொல் இருந்தது. கண்டக்டர் "டைனோசர்லாம் எறங்கு" என்று கத்துவார், பஸ் பாதி காலியாகும். அதன் வயிற்றுக்குக் கீழே நிழலில் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒடிசாக்காரர் ஒருவர் கல்யாணமான புதிதில் மனைவியை அழைத்து வந்து, ஊருக்கு அனுப்ப அதன் காலடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் யாரோ கற்பூரம் ஏற்றவும் தொடங்கினார்கள். ஜெயசீலன் தேவாலயத்துக்குப் போகிறவர் ஆயிற்றே, ஆட்சேபிப்பாரோ என்று நினைத்தேன். "கும்புட்டுக்கினு போவட்டும். இன்னா, கடிக்கவா போவுது?" என்று சிரித்தார்.

பெருமழை பெய்த வருடத்தில் ஏரி உடைந்து சாலை எது, வயல் எது என்று தெரியாமல் போயிற்று. முதல் ஷிஃப்ட் முடிந்த பெண்களோடு மூன்று பஸ்கள் வழியில் நின்றுவிட்டன. ஜெயசீலன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி டைனோசரின் முன்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கழுத்த பாத்து நேரா வா! சைடு வாங்காத, கால்வா கீது!" என்று டிரைவர்களுக்குப் போனில் கத்திக்கொண்டே இருந்தார். மூன்று பஸ்களும் அந்தக் கழுத்தைக் குறிவைத்து ஊர்ந்து வந்து சேர்ந்தன. அந்தப் பெண்கள் அன்றிரவு எங்கள் வீடுகளில் தங்கினார்கள். அவர்களில் இருவர் அவருடைய அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள்.

சாலையை அகலப்படுத்திப் பாலம் கட்டும் திட்டம் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் டைனோசரின் காலில் சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்புக்குறி இருந்தது. அதே அம்பு என் வீட்டுச் சுவரிலும், அவர் வீட்டின் நடுச் சுவரிலும் இருந்தது. என் வீடு முழுதாகப் போகும். அவருக்குப் பின்பாதி மிஞ்சும். வீடுகளுக்கு இழப்பீடு உண்டு, விதி உண்டு. டைனோசருக்கு எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி எங்களை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தார்; பொறுமையாகக் கேட்டார்.

"சாமி சிலைன்னா ஒரு நடைமுறை இருக்கு. தலைவர் சிலைன்னா ஒரு நடைமுறை இருக்கு. இது எதுல சார் வருது?"

"எங்க ஸ்டாப்பிங் சார் அது" என்றார் ஜெயசீலன்.

அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். அவரிடம் அதற்கொரு வழி இல்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. ஒருவர் எழுந்து யோசனை சொன்னார்: டைனோசரின் காலடியில் ஒரு சூலத்தை நட்டு, மஞ்சள் துணி கட்டி, கூழ் ஊற்றிவிட்டால் போதும், பிறகு அதைத் தொட யாராக இருந்தாலும் யோசிப்பார்கள், வீடுகளும் தப்பும். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ஜெயசீலன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கற்பூரம் ஏத்துறவங்க நம்பி ஏத்துறாங்க. நாம நம்பாம வெக்கிறோம். பொய்யா சாமிய வெச்சி, அதையும் நாளைக்கி இடிச்சா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவருக்கு இன்னாபா, நம்ம சாமின்னா அவரு எப்டி ஒத்துப்பாரு?"

அதைச் சொன்னவர் ஜெயசீலன் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணியை வருடந்தோறும் சாப்பிட்டவர். ஜெயசீலன் எழுந்தார். நாற்காலியை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுக் கிளம்பினார். சூலத்தை யாரும் நடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு ஆட்களும் வரவில்லை. அவரால்தான் வீடு போயிற்று என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடக்கத்துக்கு அவர்கள் வரவில்லை.

இடிப்பதற்குப் பதிலாகப் பெயர்த்துக்கொண்டுபோய் எங்கள் பள்ளி மைதானத்தில் வைக்கலாம் என்று கடைசியில் ஒப்பந்தக்காரரைச் சம்மதிக்கவைத்தோம். அது முழுக்க ஜெயசீலனின் அலைச்சல். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது என்பார்களே, அவர் உடம்பே தேய்ந்தது. கிரேன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. தொழிலாளர் பிள்ளைகள், கடைக்காரர்கள், பஸ்ஸை ஓரம்கட்டிய டிரைவர்கள் என்று ஊரே கூடியது. வயிற்றைச் சுற்றிப் பட்டை மாட்டித் தூக்கினார்கள். கால்கள் தரையை விட்டதும் கூட்டம் விசிலடித்தது. நானும் கை தட்டினேன்.

கழுத்து முதலில் சாய்ந்தது. ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். தலை சாலையில் விழுந்து உருண்டது. வயிறு இரண்டாகப் பிளந்தது. உள்ளே கம்பி அதிகம் இல்லை. செங்கல் துண்டும் சாக்கும் வைக்கோலும் அடைத்து, மேலே சிமெண்டைப் பூசியிருந்தார் அந்த ரியல் எஸ்டேட்காரர். இத்தனை வருடம் அது நின்றதற்குக் காரணம் ஜெயசீலனின் பூச்சுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கிரேன் ஆபரேட்டர் கீழே இறங்கி வந்து ஜெயசீலன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மன்னிச்சிருங்கண்ணே, பட்டைய சரியாத்தான் போட்டேன்." அவர் மதுரைப் பக்கத்துப் பையன்போலப் பேசினார். ஜெயசீலன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். தலையையாவது எடுத்து வைப்போம் என்று நான் சொன்னேன். "வேணாம் டீச்சர். தலைய மட்டும் வெச்சிக்கினு இன்னா பண்றது" என்றார். சிதிலங்களை லாரியில் அள்ளிச் சாலைக்கு அடியிலேயே கொட்டி நிரப்பினார்கள்.

பின்னால் இருந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. கட்டிய நிறுவனத்தார் ஊரின் கதையைக் கேள்விப்பட்டுத் தங்கள் சிறுவர் பூங்காவில் ஃபைபரில் ஒரு டைனோசர் வைத்தார்கள். ஆளுயரம்தான் இருக்கும். ஊதா நிறம், பொத்தானை அமுக்கினால் உறுமும். திறப்பு விழாவுக்கு ஜெயசீலனை அழைத்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார், சால்வை போட்டார்கள், ரிப்பனை வெட்டினார். திரும்பி வந்தவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது என்று புஷ்பம் சொன்னார்.

அடுத்த மாதம் ஊரிலிருந்து அவருடைய அக்கா பேத்தி வந்திருந்தாள். குழந்தைக்கு அதைக் காட்டலாம் என்று ஒரு மாலை அழைத்துப் போனார். நானும் கூட இருந்தேன். வாசலில் நின்ற வடநாட்டு வாட்ச்மேன், "கோன்சா ஃப்ளாட்?" என்று, எந்த வீடு என்பதை இந்தியில் கேட்டார். ஃப்ளாட் இல்லை, டைனோசரைப் பார்க்க வந்தோம் என்றார் ஜெயசீலன். வாட்ச்மேன் உள்ளே போன் செய்து பார்த்தார். எடுத்த பெண், யாருடைய விருந்தினர் என்று மரியாதையாகக் கேட்டாள். யாருடைய விருந்தினரும் இல்லையே நாங்கள். "சாரி சார். ரூல்" என்றார் வாட்ச்மேன். உட்காரச் சொல்லித் தன் ஸ்டூலைக்கூட எடுத்துப் போட்டார். குழந்தை கேட் கம்பிக்குள் முகத்தைப் பதித்து, உள்ளே உறுமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஜெயசீலன் ஸ்டூலில் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வெளியே வருவது குறைந்தது. பாதியாக வெட்டுண்ட வீட்டில், சாலைப் பக்கம் தகரம் அடைத்து, புஷ்பமும் அவரும் இருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் தகரம் அதிரும். நெஞ்சுவலியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நான் பார்க்கப் போனேன். அதுதான் கடைசி. என்னை அருகில் வரச் சொல்லி, மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், படுத்துக்கினு யோசிச்சிப் பாத்தேன். இதுல யாராச்சும் கெட்டவன் கீறானா? அந்த ஆபீசர் மோர் வாங்கிக் குடுத்தாரு. கிரேன்காரன் அழுதான். பில்டர் சால்வ போட்டான். வாட்ச்மேன் ஸ்டூல் போட்டான். ஒருத்தனும் கெட்டவன் இல்ல. ஆனா எல்லாம் பூட்ச்சி. நான் யாராண்ட போயி சண்ட போடுறது, சொல்லுங்க?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

இப்போது நிறுத்தத்துக்கு அந்தக் குடியிருப்பின் பெயர். ஆங்கிலப் பெயர், கண்டக்டர்கள் அதைச் சுருக்கிக் கூவப் பழகிவிட்டார்கள். போன வாரம் புஷ்பத்தைப் பார்க்கப் போனபோது, எங்கே இறங்குகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டார். என் வாயிலிருந்து தடுமாற்றமில்லாமல் வந்தது அந்தப் புதிய பெயர்தான். அதில் வியக்க ஒன்றுமில்லாததுபோல அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஜெயசீலன் நினைவாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. அவர் நம்பிக்கையோடு போனார் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அது பொய், அவருக்குப் பொய் பிடிக்காது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. இன்னும் அதற்குப் பதில் தெரியவில்லை. நல்லவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைக்கும்போதெல்லாம் அது எனக்குள் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.