பாயிண்ட் முனையில் ஒட்டியிருந்த பால்

1. கெடுத்தவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டார் சைக்கிளைக் கெடுத்தவன் நான்தான். கெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அதைப் போய் ஜப்பான்காரனிடம் சொல்ல முடியுமா?

பிற்காலத்தில் திகாம் பத்து என்ற ஊரில் முப்பது வருடம் பட்டறை நடத்தினேன். அதற்கு முன் கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஸ்டோர் இஞ்சின் என் பொறுப்பில் இருந்தது. பெரிய துரையின் ஒற்றைச் சிலிண்டர் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளையும் நானே பார்த்துக்கொள்வேன். தோட்டத்தில் என் பெயர் இஞ்சின் வேலு.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை மூட்டை கட்டினார். போகிற போக்கில், வண்டி எதிரி கைக்குப் போகக் கூடாது என்று கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். கிராணி ஸ்டோர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“டேய் வேலு, தொரை வண்டிய சம்மட்டியால அடிச்சி நொறுக்கச் சொல்லிட்டாரு. நான் ஒன்னும் பாக்கல, எனக்கு ஒன்னும் தெரியாது லா.”

சொன்னதோடு அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஐந்து வருடம் நான் துடைத்த வண்டி. சம்மட்டியை எடுத்தேன், கை எழும்பவில்லை. கடைசியில், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவின் பித்தளை மூடியைத் திறந்து பாயிண்ட் ஆர்மை மட்டும் கழற்றினேன். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் முனையில் அரை அரிசி அளவுக்கு பிளாட்டினம். அந்த முனை எதிர் முனையைத் தொட்டு விலகினால்தான் பிளக்கில் ஸ்பார்க் வரும். அது இல்லாவிட்டால் நாள் முழுக்க மிதித்தாலும் வண்டி கிளம்பாது.

“துருப் பிடிச்சிரும்,” என்றாள் என் மனைவி லெட்சுமி. அவள் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. “பால்ல முக்கி வைங்க. எங்கப்பா வெட்டுக் கத்தியெல்லாம் அப்படித்தான் வைப்பாரு.”

எங்கள் தோட்டத்தில் அது வழக்கம். ரப்பர் பால் காய்ந்து மேலே தோலாகப் பிடித்துக்கொண்டால் காற்றும் ஈரமும் உள்ளே போகாது. பால் பிடிக்கும் மங்கில் மிச்சமிருந்த பாலில் ஆர்மை முக்கிக் காயவைத்தேன். ஒரு தகர டப்பாவில் போட்டு கருப்பையாவிடம் கொடுத்தேன். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் ஸ்மோக் ஹவுஸில் அடுப்பு பார்க்கிறவன் அவன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது.

“எதுக்குன்னு கேக்க மாட்டேண்ணே,” என்று விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்துவிட்டான்.

2. பெரட்டுக் களத்தில் லாரி

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருடம். ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு வந்த நாங்கள் களத்தில் ஒரு லாரி நிற்பதைப் பார்த்தோம். பெயர் கூப்பிடுவதற்கு முன்பே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். முந்தின மாதம் பக்கத்துத் தோட்டத்தில் பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

லாரியோடு ஒரு ஆபீசரும் வந்திருந்தான். பங்களா கொட்டகையில் கிடந்த மோட்டார் சைக்கிளை யாரோ அவனுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைக் களத்துக்குத் தள்ளிவந்து, லாரி டிரைவர் பெட்ரோல் ஊற்றி மிதித்துப் பார்த்தான், பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், கையை விரித்தான். அவன் அந்தப் பித்தளை மூடியைத் திறந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

ஆபீசர் மலாய் மொழியில் கத்தினான். கிராணி என்னிடம் தமிழில் சொன்னார்.

“வேலு, உன் பேரு லிஸ்ட்ல கடைசியா இருக்கு. மத்தியானத்துக்குள்ள வண்டி ஓடுச்சின்னா நீ மெக்கானிக்கா இங்கயே இருக்கலாம். ஓடலன்னா லாரில ஏறணும். வேணும்னே எவனாவது கெடுத்திருந்தா...”

ஆபீசர் இடுப்பு வாளின் பிடியைத் தட்டிக் காட்டி மிச்சத்தைச் சொல்லிவிட்டான்.

சீக்கிரம் சரிசெய்தால் நீதானே கெடுத்தாய் என்பான். தாமதித்தால் லாரி. போதாததற்கு ஆர்ம் ஸ்மோக் ஹவுஸில் கிடக்கிறது. அதை இங்கே வரவழைக்க ஒரு காரணம் வேண்டும்.

3. தேடுவதாக நடித்தது

புது மெக்கானிக் மாதிரி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, சிலிண்டர் ஹெட் மேல் சாய்த்து வைத்து மிதித்தேன். ஸ்பார்க் இல்லை. எப்படி வரும்? வயர் நுனியை இரும்புக்கு ஒரு நூல் தூரத்தில் பிடித்து மிதித்தேன். இல்லை. தலையைச் சொறிந்தேன். வயரை அடிமுதல் நுனிவரை தடவினேன். டிரைவர் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிளக்கில் கரி பிடித்திருக்கிறது, தேய்க்கச் சாம்பல் வேண்டும் என்றேன். கிராணி மலாயில் சொன்னார். ஆபீசர் தலையாட்டினான்.

“கருப்பையா, அடுப்புச் சாம்பல் கொஞ்சம் கொண்டா!” என்று களத்தை அடுத்த ஸ்மோக் ஹவுஸைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். “பழைய சாம்பலா பாத்து, அந்த வெறகுக்குப் பின்னால இருக்கிறது!”

அவன் புரிந்துகொண்டான். ஒரு சட்டி நிறையச் சாம்பலோடு வந்தான். கையை விட்டுத் துழாவினேன். அடியில் ஆர்ம் தட்டுப்பட்டது. பிளக்கைத் தேய்க்கிற சாக்கில் சாம்பலுக்குள்ளேயே நகத்தால் ரப்பர் தோலைக் கிழித்து உருவினேன். காலுறை கழற்றுவதுபோல் சுலபமாக வந்தது.

கருப்பையா திரும்பிப் போகப் பார்த்தான். டிரைவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். வண்டியின் ஸ்டாண்டு உடைந்திருந்ததால் ஹேண்டிலைப் பிடிக்க ஆள் வேண்டும். கருப்பையா பிடித்துக்கொண்டு நின்றான்.

டிரைவர் சிகரெட் பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில் மூடியைத் திறந்து ஆர்மை மாட்டினேன். அப்போது காலை ஒன்பதுகூட ஆகியிருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் நடிக்கலாம் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு தைரியம் வந்துவிட்டது எனக்கு. பிளக்கை ஹெட் மேல் வைத்து மிதித்தேன்.

ஸ்பார்க் இல்லை.

4. உண்மையிலேயே தேடியது

நம்ப முடியாமல் இன்னும் பத்து முறை மிதித்தேன். வயர் நுனியை என் விரலாலேயே பிடித்துக்கொண்டு மிதித்தேன். மேக்னட்டோ அடித்தால் ஆளைத் தூக்கிப் போடும். அன்று அடித்திருந்தால் கும்பிட்டிருப்பேன். எறும்பு கடித்த அளவுக்குக்கூட இல்லை.

உள்ளே கம்பி சுற்றிய காயில் போய்விட்டதா? ஒரு வருடத்துக்கு மேல் ஈரத்தில் கிடந்த வண்டி. காயில் போயிருந்தால் இந்தத் தோட்டத்தில் மாற்றுக் கிடையாது. வயர், பிளக், எர்த் என்று நடித்துப் பார்த்த ஒவ்வொன்றையும் மறுபடி, இப்போது உண்மையாகவே பார்த்தேன். பாயிண்ட் இடைவெளியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. முனையை மட்டும் நான் பார்க்கவில்லை. நானே கழற்றி, நானே பத்திரப்படுத்தி, நானே மாட்டியது. அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வெயில் ஏறியது. ஆபீசர் வந்து ஒன்றும் கேட்காமல் கன்னத்தில் அறைந்தான். காது அடைத்துக்கொண்டது.

“தெங்ஙா ஹாரி!” என்று சூரியனைக் காட்டினான். நடுப்பகல்தான் கெடு.

கருப்பையா மெதுவாகச் சொன்னான். “கையி மரத்துப் போச்சுண்ணே. பரவால்ல, நீங்க பாருங்க.”

வெட்டு முடித்த பெண்கள் வாளியோடு ரப்பர் காட்டிலிருந்து திரும்பினார்கள். லெட்சுமியும் வந்தாள். களத்து ஓரத்தில் நின்று என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு, விரலில் காய்ந்த பாலைத் தேய்த்துத் தேய்த்து உருட்டிக்கொண்டிருந்தது. வெட்டுக்காரிகள் எல்லோரும் செய்வதுதான். உரித்த பிறகும் விரலில் ஒரு பூச்சு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேய்த்தால்தான் வரும்.

பாலில் முக்கிய ஆர்மையும் நான் உரித்ததோடு விட்டிருந்தேன். மூடியைத் திறந்து பாயிண்ட் முனையில் நகத்தை வைத்துச் சுரண்டினேன். கண்ணாடி போன்ற ஒரு துளித் தோல் சுருண்டு வந்தது. ரப்பரைத் தாண்டி மின்சாரம் எப்படிப் போகும்?

அதே நேரத்தில் டிரைவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அப்பா?” என்றான். என்ன அது என்று மலாயில் கேட்கிறான். விரல் நுனியில் ரப்பர். மேக்னட்டோவுக்குள் ரப்பர் தானாகப் போகாது. கிராணியும் பார்த்துவிட்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், அவருக்கு அது என்னவென்று தெரியாமலா இருக்கும்?

“ஹாபுக், துவான்,” என்றார் கிராணி. வெறும் தூசி ஐயா என்று மலாயில் சமாளித்தார். நான் விரலை வாயில் வைத்து எச்சில் தொட்டுத் துடைப்பதுபோல் அதை விழுங்கிவிட்டேன்.

எதிர் முனையையும் துடைத்து, மூடியைப் போட்டு மிதித்தேன். நீலமாக ஸ்பார்க் வெடித்தது. பிளக்கை மாட்டி மிதித்த இரண்டாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. கருப்பையா சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

5. கடைசி இடம்

ஆபீசர் என் முதுகில் தட்டிவிட்டு வண்டியில் ஏறிப் போனான். லாரி புறப்படுகிற நேரம். லாரியோடு வந்திருந்த ஜப்பான் சார்ஜென்ட் ஏறியிருந்தவர்களை எண்ணினான். என் இடம் காலியாக இருந்தது. களத்தைச் சுற்றிப் பார்த்தான். அவனுக்கு மிக அருகில், மரத்துப்போன கையை உதறிக்கொண்டு கருப்பையா நின்றான்.

“இவன் ஸ்மோக் ஹவுஸ் ஆளு, துவான்...” என்று கிராணி மலாயில் இழுத்தார். சார்ஜென்ட் அவரை ஒரு பார்வை பார்த்தான். கிராணி என் பெயரை அடித்துவிட்டு கருப்பையா பெயரை எழுதினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். பயம், வேறொன்றும் இல்லை. கருப்பையா லாரியில் ஏறினான். “அடுப்ப யாராவது பாத்துக்கங்கண்ணே, ஷீட்டு கருகிப்போகும்,” என்றான். அவன் திரும்பி வரவே இல்லை.

பின்னால் ஒரு நாள், எனக்குச் சைகை காட்டத்தான் விரலை அப்படித் தேய்த்தாயா என்று லெட்சுமியிடம் கேட்டேன். “பயத்துல கையி சும்மா இருக்கல, அவ்ளோதான்,” என்றாள்.

பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். எந்த வண்டி வந்தாலும், கோளாறு இன்னதென்று தெரிந்திருந்தாலும், பாயிண்டைக் கழற்றி முனையை நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் மற்றதைத் தொடுவேன். “அதான் என்னன்னு தெரியுமே, பாஸ்!” என்பார்கள். தெரியும் என்று நான் நினைத்ததால்தான் அன்று முனையைப் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு அந்த முதல் மிதியிலேயே ஸ்பார்க் வந்திருந்தால் கருப்பையா சட்டியை எடுத்துக்கொண்டு ஸ்மோக் ஹவுஸுக்குள் போயிருப்பான். சார்ஜென்ட் வேறு யாரையாவது பிடித்திருப்பான், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள், நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வந்து நின்றவனாக இருந்திருக்கமாட்டான்.