ஆனியில் தாலி, ஆவணியில் பந்தி

என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை, பந்தி மட்டும்தான் நடந்தது. இதை எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் இனிமேல் யார் கேட்டாலும் வாயைத் திறக்காமல் நீட்டிவிடலாம்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் அது. என் பிறந்த வீடு கீழப்பழுவூர், புகுந்த வீடு பூலாம்பாடி. ஆவணியில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, அப்பா பாதி ஊருக்கு வெற்றிலை பாக்கோடு கொடுத்தும் முடித்திருந்தார். அப்போதுதான் மாப்பிள்ளைக்கு மலேசியா விசா வந்தது. வெல்டிங் வேலை. ஆடி நடுவில் விமானம் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். ஆடியில் தாலி கட்ட இரண்டு வீட்டிலும் ஒரு ஆளும் சம்மதிக்கமாட்டார். ஆனி முடிய இரண்டு நாள் பாக்கி. அந்த இரண்டு நாளுக்குள் ஒரு காலையில், எங்கள் ஊர் சிவன் கோயிலில், பதினைந்து பேர் முன்னால் என் கழுத்தில் தாலி ஏறியது. கூறைப்புடவை இன்னும் வாங்கியிருக்கவில்லை. பொங்கலுக்கு எடுத்த பச்சைப் புடவையில்தான் எனக்குக் கல்யாணம்.

குருக்கள் ரசீது போடட்டுமா என்று கேட்டார். "நம்ம கோயில்ல நமக்கு எதுக்கு சாமி ரசீது?" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆவணி முகூர்த்தத்தை அப்பா ரத்து செய்ய மறுத்துவிட்டார்.

"கூப்பிட்ட வாயால வராதீங்கன்னு சொல்லச் சொல்றியா? சனம் சாப்பிட்டுட்டுப் போவட்டும்."

அப்படித்தான் பத்திரிகையில் போட்ட அதே நாளில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, மூன்று பந்தி நடந்தது. மாப்பிள்ளை அதற்குள் மலேசியாவில் இரும்பு ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கூறைப்புடவையும் மாலையுமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று யாரோ ஒரு சித்தி அதில் பழத்தட்டை வைத்துவிட்டுப் போனாள். என்னிடம் இருந்த ஒரே கல்யாணப் போட்டோவில் நானும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்கிறோம்.

மகள் அடுத்த சித்திரையில் பிறந்தாள். அவர் அவளை முதலில் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது. தொண்ணூற்றெட்டில் அங்கே கம்பெனிகள் ஆட்டம் கண்டு, ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டியோடு வந்து இறங்கியவரைப் பார்த்து மகள் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். எனக்கும் ஒளிந்துகொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. கல்யாணமாகி இருபது நாள்தான் அவரோடு இருந்திருக்கிறேன். குரலைத்தான் எனக்குத் தெரியும், ஆளைத் தெரியாது.

அவர் வந்த இரண்டாவது வாரத்திலேயே, அடுத்து எந்த நாடு என்கிற பேச்சு ஆரம்பித்துவிட்டது. பூலாம்பாடியில் அது ஒரு பெரிய விஷயமில்லை. எந்தத் தெருவிலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது கடல் தாண்டியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் மூன்று பேர் வந்து உட்கார்ந்து, பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நாடுகளை அலசினார்கள். மலேசியா போய் வந்தவர், சாப்பாடு நம்ம சாப்பாடு, மறுபடியும் அங்கேயே போ என்றார். புருனே போய் வந்தவர், அங்கே வேலை குறைவு, மழை அதிகம், மனுஷன் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். சிங்கப்பூர்க்காரருக்கு இந்த இரண்டுமே இளக்காரம். அங்கே சட்டம் சட்டமாக இருக்கும், உடம்பில் வலு இருக்கிறவன் அங்கேதான் போக வேண்டும் என்றார்.

நான் டீ கொடுக்கப் போனவள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "இதுல எந்த ஊருல பொண்டாட்டி புள்ளையும் கூட இருக்க விசா குடுப்பாங்கண்ணே?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முப்பது வருஷ வெளிநாட்டு அனுபவம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. யாரும் அதைக் கேட்டதே இல்லை.

"பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதுக்கு அது என்ன குலதெய்வக் கோயிலா?" என்றார் மலேசியாக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவுமில்லை. எனக்கு வந்த கோபத்தில் மிச்சமிருந்த டீயை அடுப்படியில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். எனக்கு டீ பிடிக்காது. காபிக்காரி நான்.

மறுநாள் நானே பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். பிளஸ் டூ படித்தவள் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் பாரம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். அந்தப் பழக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த டிராவல்ஸ்காரரை எனக்குத் தெரியும். நல்ல மனுஷர். பொய் சொல்வதாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்வார். அன்றைக்கு நேராகப் பார்த்துப் பேசினார்.

"நம்ம ஆளுங்க வாங்குற வேலை பர்மிட்டுல எந்த நாட்டுலயும் குடும்பத்தைக் கூட்டிக்க முடியாதுங்க. ஆனா சிங்கப்பூர்ல போயி பரிச்ச கிரிச்ச எழுதி மேல வந்தா, பெரிய பாஸ் குடுப்பாங்க. சம்பளமும் இவ்வளவுன்னு இருக்கணும். அப்ப நீங்க போயி அவரு கூடவே தங்கலாம். நாளாவும்க்கா."

"எத்தன நாளு?"

அதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் ஆயிடும்" என்றார்.

ஒன்பது வருஷம் ஆனது. அவர் திருச்சியில் வெல்டிங் பரீட்சையில் தேறி சிங்கப்பூர் போனார். பகலெல்லாம் வேலை செய்து, சாயங்காலம் வகுப்புக்குப் போய், ஒவ்வொரு படியாக ஏறினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. வந்தால் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று மாப்பிள்ளையை ஊர் பங்கு போட்டுக்கொள்ளும். எனக்கு மிஞ்சுவது அவருடைய அழுக்குத்துணி. இதைக் கசப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கசப்பாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழின் தொடக்கத்தில் அவருக்கு அந்தப் பெரிய பாஸ் கிடைத்தது. சூப்பர்வைசர் ஆகியிருந்தார். கம்பெனியே எங்களுக்கும் விண்ணப்பிக்கும், இரண்டு பேப்பர்தான் வேண்டும் என்று போனில் சொன்னார். மகளின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் கல்யாணச் சான்றிதழ். மகளுடையது டிரங்குப் பெட்டியில் இருந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் அப்போது யார் நினைத்தார்கள்? ஊர் பார்க்கத் தாலி கட்டினால் கல்யாணம், அவ்வளவுதான்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அரியலூர் பதிவு ஆபீசுக்குப் போனேன். வாசலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் அதைப் பார்த்து, என் வீட்டுக்காரருடைய பழைய பாஸ்போர்ட் நகலையும் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இந்தத் தேதியில மாப்பிள்ள மலேசியாவுல இருந்ததா சீல் அடிச்சிருக்கு. அப்ப தாலி கட்டுனது யாரு?"

ஆனி, ஆடி, ஆவணி எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் பத்திரம் எழுத வந்திருந்தவர்கள் எல்லோரும் கதை கேட்டார்கள். ஆனி மாதத்துக்கு என்ன ஆதாரம் என்றார். ரசீது இல்லை. போட்டோவை நீட்டினேன். வாழைப்பழத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். இப்போது ஒரு கோயிலில் மறுபடியும் தாலி கட்டி, ரசீது வாங்கி, இந்த வருஷத் தேதியிலேயே பதிந்துவிடலாம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார்.

அன்று என் வீட்டுக்காரர் போன் செய்தபோது அதைச் சொன்னேன்.

"செஞ்சிடலாமே. பேப்பர்தானே?" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "பேப்பர்தானா? பதினொரு வயசுப் பொண்ணு இருக்கா. இந்த வருஷம் கல்யாணம்னு பேப்பர் சொன்னா அவ யாருங்க? நாளைக்கு அவளே இங்கிலீசுல அதைப் படிப்பா. அப்ப நீங்க சொல்வீங்களா, நான் சொல்லணுமா?"

பன்னிரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, ஒரு தேதிக்காக எல்லாவற்றையும் நானே கெடுக்கிறேனா என்று பயமாகவும் இருந்தது. அப்படியும் என்னால் சம்மதிக்க முடியவில்லை. எனக்கு என்று நடந்த ஒரே நல்ல காரியம் அந்த ஆனி மாதக் காலை. அதையும் நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படி?

"அன்னைக்கு எடுத்த போட்டோ எங்கிட்ட இருக்கு" என்றார் அவர் மெதுவாக.

கோயிலில் அன்று அரியலூர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வந்து ஒரே ஒரு படம் எடுத்தது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. படம் விழவில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். விழுந்திருக்கிறது. மலேசியா போகும் முன்னால் இவரே ஸ்டுடியோவுக்குப் போய் வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து அது இவருடைய பர்சில் இருக்கிறது.

"இத்தன வருசம் ஏன் சொல்லல? எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"

"நீ கேக்கலியே" என்றார்.

அழுவதா திட்டுவதா என்று தெரியாமல், இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

பத்து நாள் லீவில் வந்தார். போட்டோ ஓரமெல்லாம் நைந்து, நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. பச்சைப் புடவையில் நான் தலைகுனிந்து நிற்கிறேன். அவர் எங்கோ பார்க்கிறார். பின்பக்கம் ஸ்டுடியோ சீலும், அதில் ஆனி மாதத் தேதியும் இருந்தன. அப்பாவும் குருக்களும் சாட்சிக்கு வந்தார்கள். பதிவாளர் ஒரு அம்மா. போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரிகையில் ஏன் வேறு தேதி என்று அப்பாவைக் கேட்டார். அப்பா எழுந்து நின்று, "தப்பு எம்மேலதாங்கம்மா. சோறு போடறேன்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் அப்படிக் கைகட்டி நின்று நான் பார்த்ததில்லை. பதிவாளர் அம்மா சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். நோட்டரி பத்திரம் ஒன்று, இன்னும் இரண்டு நடை. கடைசியில் சான்றிதழ் வந்தது. கல்யாண நாள் என்ற இடத்தில் ஆனி மாதக் காலை இருந்தது.

அவர் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் எங்களுக்கும் பாஸ் ஒப்புதல் ஆனது. மகள் பள்ளியில் டி.சி. வாங்கினாள். ஒரு வாரத்தில் புறப்பாடு என்று நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். வாடகைக்கு வீடு எடுத்துவிட்டாராம். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கிறாராம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றார்.

"இந்தா, நீ என்ன குடிப்ப? காபியா, டீயா?"

கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. வெறும் அசதியாக இருந்தது. மடித்துக்கொண்டிருந்த புடவையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு இது தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்று நான் குடித்ததை அவர் எங்கே பார்த்தார்?

"காபி" என்றேன். "உங்களுக்கு டீத்தூள் வாங்கிக்குங்க. சக்கரை கம்மியா ஒரு டீ, அதானே உங்களுக்கு."

"டீயெல்லாம் விட்டு ஏழெட்டு வருசம் ஆச்சு. இங்க வந்ததுலேர்ந்து காபிதான். பால் இல்லாம."

லீவில் வந்தபோதெல்லாம் டம்ளர் டம்ளராக டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்திருக்கிறார். நானும் கேட்கவில்லை.

"சரி, காபித்தூளே வாங்குங்க" என்றேன். "எனக்குப் பால் வேணும்."