வெர்லினின் சட்டை வால்

என் தங்கை லவோனைக் கட்டிய வெர்லின் க்ரூஸ் நல்ல மனுஷன். ஒரு வேலை முடிகிறவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டிருக்கத் தெரியாது, அவ்வளவுதான். உழும்போது ரோட்டில் யார் வண்டி போகிறது என்று எட்டிப் பார்ப்பான். அதனால் அவன் வயலில் சோளம் வளைந்து வளைந்துதான் முளைக்கும். சர்ச்சில் பாஸ்டர் ஆமென் சொல்வதற்குள் கண்ணைத் திறந்து யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துவிடுவான்.

இதெல்லாம் போகட்டும். மான் வேட்டையில்தான் வினை.

எங்கள் அயோவா மாநிலத்தில் மானுக்கு ரைபிள் தூக்கக்கூடாது. தரை தட்டு மாதிரி. ரைபிள் குண்டு அடுத்தவன் மாட்டுக்கொட்டகையில் போய்த்தான் நிற்கும். அதனால் ஷாட்கன். அதிலும் பொடி ரவை கிடையாது, கட்டைவிரல் பருமனில் ஒரே ஈயக்கட்டி. ஸ்லக் என்போம். வெர்லினிடம் இருந்தது அவன் அப்பாவின் பழைய துப்பாக்கி. குழல் நுனியில் ஒரு பித்தளைப் பொட்டு உண்டு, குறி பார்க்க அதைவிட்டால் வேறு எதுவும் இல்லை. கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒட்டியிருந்தால் பொட்டு சொன்ன இடத்தில் அடிக்கும். கன்னத்தைத் தூக்கினால் குண்டு மானின் முதுகுக்கு மேலே பறந்துவிடும். வெர்லின் விசையை இழுக்கும்போதே, “பட்டுச்சா?” என்று தலையைத் தூக்குவான். எங்கே படும்?

குறி தவறினவனுக்கு எங்கள் கூட்டத்தில் ஒரு தண்டனை உண்டு. அவன் சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பேர் எழுதி, ஆர்வின் ஹூக்ஸ்ட்ராவின் டிராக்டர் கொட்டகையில் ஆணி அடித்து மாட்டுவோம். ஆர்வின்தான் கூட்டத்துக்குப் பெரியவர், கத்தரிக்கோலும் அவருடையது. அந்தச் சுவரில் பாதி வெர்லின்தான். கட்டம் போட்டது, கோடு போட்டது, பச்சை, பழுப்பு என்று ஜவுளிக்கடை மாதிரி தொங்கும்.

அந்த வருஷம் வேட்டை தொடங்கிய சனிக்கிழமையே வெர்லினுக்கும் லவோனுக்கும் வெள்ளிவிழாக் கல்யாண நாளும் வந்தது. சாயங்காலம் சர்ச் ஹாலில் விருந்து. அதற்கென்று லவோன் தன் கையால் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை தைத்திருந்தாள். விடிகாலையில் அவனைக் கூட்டிப்போக வண்டியை நிறுத்தினால், அதையே மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

“அறிவிருக்கா மாப்ளே? அதயா போட்டுட்டு வர்ற?”

“என்ன பண்ணச் சொல்ற மச்சான்? அலமாரியில இருக்கிற ஒண்ணுக்கும் வாலு இல்ல. போன வருஷம் காத்து பின்னாடி புகுந்து இடுப்பே பிடிச்சுக்கிச்சு.”

சமையலறையிலிருந்து லவோன் குரல் வந்தது. “அந்த வாலு ஒரு நூல் குறைஞ்சு வந்தாலும் விருந்துக்கு நான் அண்ணனோட போயிக்கிறேன். நீங்க அந்தக் கொட்டகைச் செவுத்தோட குடும்பம் நடத்துங்க.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெர்லினுக்கும் அது தெரியும். வழியெல்லாம் சட்டை வாலைக் கால்சட்டைக்குள் திணித்துக்கொண்டே வந்தான்.

ஆர்வின் ஆளாளுக்கு இடம் பிரித்தார். அவரும் மற்றவர்களும் ஓடையோரப் புல்லுக்குள் நடந்து மானைக் கிளப்பிவிடுவது. வேலி மூலையில் வெர்லின், அதே வேலியில் கொஞ்சம் தள்ளி நான்.

“வெர்லின், மான் உன் பக்கம்தான் வரும். கத்தரிக்கோலைத் தீட்டித்தான் வச்சிருக்கேன், கவலைப்படாத.”

சொன்னபடியே வந்தது. நல்ல கொம்பு வைத்த கலைமான், பனியை உதறிக்கொண்டு மெதுவோட்டமாக வெர்லினைத் தாண்டிப் போனது. அவன் துப்பாக்கியைத் தூக்கினான். கன்னம் கட்டையில் அமுங்குவது எனக்கே தெரிந்தது. வெடித்தது.

தலை எழும்பவில்லை.

மான் ஒரு துள்ளு துள்ளி, பத்தடி ஓடிப் புல்லில் சாய்ந்தது. இவன் இன்னும் கட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். கிட்டே போனால் கண்ணையும் இறுக்கி மூடியிருக்கிறான்.

“துப்பாக்கிப் பூட்டைப் போடு மாப்ளே.”

போட்டான். கண்ணைத் திறக்கவில்லை.

“என்னாச்சு மச்சான்?”

“நீ பாக்கலையா?”

“பயமா இருக்கு. நீயே சொல்லு.”

சொல்லியிருப்பேன். அதற்குள் ஆர்வினும் மற்றவர்களும் புல்லைவிட்டு வெளியே வந்து, மானுக்கும் அவனுக்கும் நடுவே வரிசையாக நின்றுவிட்டார்கள். ஆர்வின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“போச்சுடா. வாலை எடு.”

வெர்லின் கண்ணைத் திறந்து பனியைப் பார்த்தான். திரும்பி நின்று, வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி, கோட்டைக் கழற்றி, சிவப்புச் சட்டையின் வாலை வெளியே இழுத்துவிட்டான்.

“வெட்டுங்க. ஆனா கோணாம வெட்டுங்க ஆர்வின். அவ கையால தச்சது.”

ஆர்வின் வாலைப் பிடித்தார், கத்தரிக்கோலை விரித்தார், அப்படியே நின்றார். எத்தனை வருஷமாகப் பிறத்தியாரைக் கிண்டல் பண்ணியே பிழைக்கிற மனுஷன். கத்தரிக்கோலை மூடிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“துணி ரொம்பத் தடிப்பா இருக்குடா, என்னால வெட்ட முடியாது. அங்க ஒருத்தன் படுத்திருக்கான் பாரு. அவன்கிட்ட வேணா கேளு.”

வெர்லின் திரும்பினான். நாங்கள் விலகி நின்றோம். புல்லில் கிடந்த மானை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கேட்டானே ஒரு கேள்வி:

“பட்டுச்சா?”

ஆர்வின் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

சாயங்காலம் விருந்தில் வெர்லின் சட்டையைக் கால்சட்டைக்கு வெளியே தொங்கவிட்டுத்தான் திரிந்தான். காபி வாங்கப் போகிற சாக்கில் ஒவ்வொரு மேசைக்கும் முதுகைக் காட்டிவிட்டு வந்தான்.

“உள்ள விடுங்க. எல்லாரும் பாக்கிறாங்க,” என்றாள் லவோன்.

“பாக்கட்டும்னுதான்டி.”

பாஸ்டர் எழுந்து ஜெபத்தைத் தொடங்கினார். ஹாலே தலை குனிந்தது. பாதியில் வெர்லினின் தலை மெதுவாக எழும்பியது. லவோன் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அந்த வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

தலை இறங்கியது.