ஒன்பது மாத ஓக்லஹோமாக்காரி

வெர்லீன் டாக்கெட் ஓக்லஹோமா மாநிலத்து லாட்டன் ஊருக்குக் குடிவந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. ஓக்லஹோமாக் காற்றில் ரெண்டு தடவை கூரை பறிகொடுத்தவள். ஃபோர்ட் சில் முகாமில் பீரங்கிப் பயிற்சி நடக்கும்போது அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆனால் காகிதத்தைக் கேட்டால் அவள் டெக்சஸ்காரி. வண்டியின் நம்பர் பலகை டெக்சஸ், ஓட்டு டெக்சஸ், ஓட்டுநர் உரிமம் டெக்சஸ். எல்லாம் புருஷன் ராய்ஸ் பட்டாளத்தில் சேர்ந்த நாளில் கொடுத்த விலாசம். அங்கே மாநில வருமான வரி கிடையாது என்பதால் எத்தனை ஊருக்கு மாற்றினாலும் அதை விட்டுவிடாதே என்று பட்டாளத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ராய்ஸ் ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அதை விடவில்லை. வரிக்காக அல்ல, வீம்புக்காக. டெக்சஸ்காரனாகவே சாவேனாம். சாகட்டும், யார் வேண்டாமென்றது? பெண்டாட்டியையும் சேர்த்து இழுப்பானேன் என்பதுதான் என் கேள்வி.

ராய்ஸ் குடிகாரன் இல்லை, கைநீட்டுகிறவனும் இல்லை. அதனால்தான் அவளுடைய கஷ்டத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இருபத்து நாலு வருஷம் பீரங்கிப் படையில் சார்ஜென்டாக இருந்தவன் வீட்டையும் பாசறையாகவே வைத்திருந்தான். சனிக்கிழமை காலையில் சோதனை. ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டுவான், அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடிப்பான், பச்சை நோட்டில் குறிப்பான். மூன்று குற்றம் சேர்ந்தால் ஞாயிறு முழுக்க வண்டிச் சாவி அவன் பையில் இருக்கும். வண்டி எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று தினமும் பார்ப்பான். முகாம் கடையில் அவளுக்கு வேலை, வாங்குகிறவர்களின் சாமானைப் பையில் போட்டு வண்டிவரை கொண்டுபோய்க் கொடுப்பது. சம்பளம் கிடையாது, அவர்கள் கையில் வைக்கும் காசுதான். கடைக்கும் வீட்டுக்கும் போக வர ஒன்பது மைல். பத்தாகிவிட்டால் ஏன் என்று கேட்பான். நாற்பத்தாறு வயதுப் பொம்பிளை ஒரு மைலுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவள் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை? மகள் டெலேனிக்காக.

பட்டாளத்துக்காரனுக்குப் படிப்புச் சலுகை உண்டு, முப்பத்தாறு மாதம் கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கமே கட்டும். தனக்கு வேண்டாமென்றால் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அதற்கு இன்னும் நாலு வருஷம் பணி செய்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ராய்ஸ் போட்டான். அந்த நாலு வருஷத்தை அவன் சொல்லிக் காட்டாத வாரமே இல்லை. அந்தச் சலுகையில்தான் டெலேனி இப்போது ஓக்லஹோமாவின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் நிலவியல் படிக்கிறாள். நிலநடுக்கத்தைப் பற்றிப் படிக்கப்போகிறாளாம். அப்பாவின் பீரங்கிதான் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது என்று கிண்டலடிப்பாள். அந்தச் சலுகை இருக்கிறவரைதான் உள்ளூர்ப் பிள்ளைக்கான கட்டணம். அது போனால் அவள் டெக்சஸ்காரரின் மகள், வெளிமாநிலக் கட்டணம், ஏறக்குறைய மூன்று மடங்கு. பை தூக்குகிற காசில் அதைக் கட்ட வழியே கிடையாது.

கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் அவன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் சங்கடம். முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆர்க்கன்சாவில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வெர்லீன் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாள் குளிர்ப்பெட்டி மேலே ஒரு உறை நின்றது. விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, உள்ளே அந்த ஒரு வரி, கீழே அவன் கையெழுத்து. சனிக்கிழமைச் சோதனையில் உறையை எடுத்துக் கீழே துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பான். பெற்ற மகளுக்கு அப்படிச் செய்வானா? செய்யமாட்டான் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மகளின் படிப்பை வைத்துப் பந்தயம் கட்ட எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்?

வழி காட்டியது ஓப்பல். கடையில் கூட வேலை பார்ப்பவள், இரண்டு புருஷன்களைப் புதைத்தவள், வாய் கொஞ்சம் நீளம். டெலேனிக்கு உள்ளூர்க் கட்டணம் கிடைக்க ராய்ஸ் எதற்கு, நீ இந்த ஊர்க்காரி ஆகிவிட்டால் போதாதா என்று கேட்டாள். வெர்லீன் கடைத் தொலைபேசியிலிருந்து பல்கலைக்கழகத்தில் விசாரித்தாள். அப்பா அம்மா இருவரில் ஒருவர் பன்னிரண்டு மாதம் இந்த மாநிலத்தில் வேர்விட்டவர் என்று காகிதம் காட்டினால் போதும் என்றாள் அங்கிருந்த பெண். ஆனால் இடையில் எங்கேயும் வேறு மாநிலத்துக்காரி என்று கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. போட்டால் முதல் மாதத்திலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

ஜனவரியில் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் ஓப்பல் தன் வண்டியிலேயே அவளை அழைத்துக்கொண்டு போனாள், மைல் கணக்கு ஏறக் கூடாதே. டெக்சஸ் உரிமத்தைக் கொடுத்துவிட்டு ஓக்லஹோமா உரிமம் வாங்கினாள். அதோடு வாக்காளர் பட்டியலிலும் பேர். ஏப்ரலில் பள்ளிக்கூட நிர்வாகத் தேர்தலில் போய் ஓட்டுக்கூடப் போட்டாள். நின்றவர்கள் யாரென்றே தெரியாது. வெளியே வந்து ஓப்பலைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகாம் வாசலில் பட்டாளம் கொடுத்த அடையாள அட்டையைத்தான் காட்டுவார்கள், உரிமத்தை யாரும் கேட்பதில்லை. பணப்பையின் உள்ளறையில் அது பத்திரமாகக் கிடந்தது. டெலேனியிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. மீதிச் செலவுக்குக் கடன் வாங்கலாம், ஓப்பல் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, ஜனவரி வரட்டும் என்று நாளை ஓட்டினாள்.

வருஷக்கணக்காக முகாம் ஓரத்தில் வாழ்ந்தவளுக்கு ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. இந்த ஊர்க் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் ஜூரிக்குப் பொதுமக்களில் ஆள் எடுப்பது ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்துதான். எல்லாருக்கும் வேறேதோ மாநிலத்து உரிமம் இருக்கும் பட்டாளத்துத் தெருவில் யாருக்கும் ஜூரி அழைப்பு வந்ததே கிடையாது. ஓப்பலின் தெருவிலும் அதே கதைதான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது ராய்ஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே மாவட்ட நீதிமன்றத்தின் கடிதம் பிரித்துக் கிடந்தது. ஜூரிப் பணிக்கு வெர்லீன் டாக்கெட் வர வேண்டும் என்று அழைப்பு. அவன் சத்தம் போடவில்லை. காது மந்தமானவன், சாதாரணமாகவே கத்தித்தான் பேசுவான். அன்றைக்கு மெதுவாகப் பேசினான்.

"உன் பையைக் கொடு."

கொடுத்தாள். உள்ளறையைத் திறந்து உரிமத்தை எடுத்து, வெளிச்சத்தில் காட்டித் தேதியைப் படித்தான்.

"ஒன்பது மாசமா?"

"ஆமா."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. நாலு வருஷம் கூடுதலா உழைச்சேன், வெர்லீன். அந்தப் பொண்ணுக்காக. நீ என்னடான்னா என்னை வேண்டாத சாமானாட்டம் ஓரமா வைக்கப் பாக்குறே."

இதை அவன் நடிக்கவில்லை. கண்ணில் நீர் நின்றது. அதுதான் கொடுமை, அவனுக்கும் உண்மையாகவே வலித்தது. வெர்லீனுக்கு ஒரு கணம் அவன்மேல் இரக்கம் வந்தது, அடுத்த கணம் அந்த இரக்கத்தின் மேலேயே எரிச்சல் வந்தது.

கடிதத்தின் பின்பக்கத்தில் அவன் விரல் வைத்தான். ஜூரிக்கு வர முடியாதவர்களுக்கான கட்டங்கள். முதல் கட்டம், நான் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் இல்லை. கீழே, மேற்கண்டது சத்தியம் என்று கையெழுத்து.

"இதுல போடு. கோர்ட்டுலயே கொண்டுபோய்க் குடுத்துடலாம். அப்புறம் டெக்சஸ் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்க. பழைய மாதிரி இருப்போம். டெலேனி படிப்புல நான் கை வைக்க மாட்டேன்."

"போடலேன்னா?"

அவன் குளிர்ப்பெட்டி மேலிருந்த உறையை எடுத்து மேசையில் வைத்தான்.

அன்று ராத்திரி டெலேனி வழக்கம்போலக் கூப்பிட்டாள். வசந்தத்தில் மலைப்பக்கம் பாறை பார்க்கக் கூட்டிப்போகிறார்களாம், பேர் கொடுத்துவிட்டாளாம். வெர்லீன் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்கும், அவளைத் தெரியாதா. செருப்பு நல்லதாக வாங்கிக்கோ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ராய்ஸ் தன் டிரக்கில் அவளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனான். வழியெல்லாம் வானிலை பேசிக்கொண்டு வந்தான். உறை முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. படிக்கட்டுக்கு எதிரே நிறுத்தி, நீ போய்விட்டு வா என்றான். அலுவலகங்களுக்குள் அவன் வரமாட்டான். யாராவது எதையாவது சொல்ல, இவன் என்ன என்ன என்று கேட்க, அது அவனுக்கு அவமானம்.

உள்ளே, ஜூரி அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் நல்ல சிரித்த முகத்தோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெர்லீன் காகிதத்தை மேடையில் விரித்துப் பேனாவை எடுத்தாள். இங்கே ராய்ஸ் இல்லை. கட்டத்தை விட்டுவிட்டு, வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் தடுக்க யாரும் இல்லை. இன்னும் மூன்றே மாதம். மூன்று மாதத்தில் அந்த உறை வாஷிங்டன் போய்த் திரும்பி வந்துவிடாது என்று ஓப்பல் இருந்தால் சொல்லியிருப்பாள். ஒருவேளை போய்விட்டால்? வசந்தப் பருவத்தின் நடுவில் டெலேனி கையில் மூன்று மடங்குக் கட்டணச் சீட்டைக் கொடுத்தால்? வெர்லீன் கட்டத்தில் குறி போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

அந்த அம்மாள் வாங்கிப் பார்த்தாள்.

"குடுத்து வச்சவங்க நீங்க. எல்லாரும் இதுலேர்ந்து தப்பிக்க என்னென்னமோ கதை விடுவாங்க. உங்களுக்கு ஒரே கட்டத்துல விடுதலை."

"ஆமாங்க."

"பட்டாளமா?"

"வீட்டுக்காரர்."

"சரிம்மா. நிரந்தர விலாசம்னு இங்க ஒரு இடம் காலியா இருக்கு பாருங்க. டெக்சஸ்ல உங்க வீட்டு விலாசத்த எழுதிக் குடுங்க, முடிச்சுடலாம்."

வெர்லீன் பேனாவை வாங்கினாள். விச்சிட்டா ஃபால்ஸ் என்று எழுதினாள். ராய்ஸ் பட்டாளத்தில் கொடுத்த விலாசம், அங்கே இருக்கும் அவன் அண்ணன் வீடு. இருபது வருஷத்தில் நாலு தடவை போயிருக்கிறாள், ஒரு தடவைகூட இரவு தங்கியதில்லை. தெருப் பேர் ஏதோ மரத்தின் பேர். வாதுமையா, எல்ம் மரமா? நம்பர் சுத்தமாக ஞாபகம் வரவில்லை. பழைய உரிமத்தில் அச்சடித்திருந்தது, அதைத்தான் ஜனவரியில் கொடுத்துவிட்டாளே. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

டிரக்கின் ஜன்னலைத் தட்டினாள். ராய்ஸ் கண்ணாடியை இறக்கினான்.

"நம்ம வீட்டு விலாசம் என்ன?"

"என்ன?"

படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஜூரிக்கு வந்தவர்கள். வெர்லீன் குனிந்து, அவன் காதுக்குக் கேட்கும்படி, தொண்டையைத் திறந்து கத்தினாள்.

"ராய்ஸ், நான் எங்க குடியிருக்கேன்?"

படிக்கட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு படியேறினாள்.